பிழை பொறுக்கும் வில்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையை அநேகமாக முற்றாகத் தடைசெய்துவிட்ட இந்தியாவில், காம்பவுண்ட் வில் வாங்க முற்படுபவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது அமெரிக்க மான் வேட்டைக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விலைப்பட்டியலே. அந்த வில்லின் பிறப்பே வேட்டையோடு தொடர்புடையது. மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன், அம்பு வந்து சேர்வதற்குள் மான் விலகிவிடாதபடி வேகமாக எய்யும் வில்லொன்றைத் தேடி, வில்லின் இரு முனைகளிலும் அச்சு நடுவில் அமையாத சக்கரங்களைப் பொருத்தி, 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969 டிசம்பரில் அதைப் பெற்றார். வேகம் வேண்டும் என்ற அந்த முதல் தேவை இன்றும் பட்டியல்களின் முதல் வரியில் பெரிய எழுத்தில் நிற்கிறது. அசையாத இலக்கை அறிந்த தொலைவிலிருந்து எய்பவருக்கு அந்த வரியால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

இந்தியாவில் காம்பவுண்ட் வில் என்றால் இலக்கு விளையாட்டுத்தான், அதிலும் அண்மைக் காலத்தில் பெரும் வெற்றி கண்ட விளையாட்டு. 2023இல் பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமி தம் 17ஆம் வயதில் தனிநபர் பட்டத்தையும், ஓஜஸ் தேவ்தலே ஆடவர் பட்டத்தையும் வென்றனர். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன, அவற்றில் மூன்றில் விஜயவாடாவைச் சேர்ந்த ஜோதி சுரேகாவின் பங்கு இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறும் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பின், அதுவரை ஒலிம்பிக் கனவு உடையவர்கள் ரிகர்வ் எனப்படும் மரபு வடிவ வில்லைத்தான் எடுக்க வேண்டும் என்றிருந்த நிலையும் மாறியிருக்கிறது. 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனி போன்ற பயிற்றுநர்கள் சென்னையில் வில்வித்தைக்கு ஆள் சேர்த்தார்கள். குத்துச்சண்டைக்கும் கேரமுக்கும் பெயர்பெற்ற ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளின் பிள்ளைகளும் இனி இந்த வில்லைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் வியப்பில்லை; அவர்களின் பெற்றோருக்கோ இது ஒரு மோட்டார் சைக்கிளின் விலையோடு ஒப்பிடத்தக்க செலவு என்பதால், தவறான வில்லை வாங்கிவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி பெரும்பாலும் இராது.

பிழை பொறுக்கும் வில் என்று வில்லாளர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை அறிய, எவ்வளவு சிறிய பிழை இங்கே பிழையாகக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காம்பவுண்ட் போட்டியின் தொலைவு 50 மீட்டர். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர். நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் விலகினால் அம்பு அந்த வட்டத்தின் விளிம்பை அடைகிறது. வில்லாளரின் கண்ணுக்கு முன்னே நாணில் பொருத்தப்பட்ட சிறு துளைக்கும், வில்லின் முன்பகுதியில் நீட்டி நிற்கும் குறிபார்க்கும் லென்ஸான குறிவில்லைக்கும் இடையே முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி உண்டு. அந்த அளவில் கணக்கிட்டால், குறிவில்லை ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குகூட நகர வேண்டியதில்லை, பத்து ஒன்பதாகிவிடும். பெர்லின் இறுதிப் போட்டியில் தேவ்தலே 15 அம்புகளில் 150 புள்ளிகளும் எதிராளி 149 புள்ளிகளும் எடுத்தனர் என்றால், பட்டத்தை முடிவுசெய்த வேறுபாடு இந்த அளவினதே. மனிதக் கை இவ்வளவு துல்லியமாக எப்போதும் நிற்காது. பிடி சற்றுத் திருகும், தோள் தளரும், மூச்சு தவறும். அந்தச் சிறு தவறுகளை அம்பின் வழியில் குறைவாகக் கடத்தும் வில்லே பிழை பொறுக்கும் வில்.

பட்டியலின் முதல் எண்ணான வேகத்தை எடுத்துக்கொண்டால், நொடிக்கு 330 அடி, 340 அடி என்றெல்லாம் அச்சிடப்படும் அளவுகள் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் எடையுள்ள இலேசான அம்பு ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையில் எடுக்கப்பட்டவை. இழுவிசை என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் உச்ச விசை. இழுநீளம் என்பது முழுதும் இழுத்த நிலையில் பிடியிலிருந்து நாண் வரையுள்ள தொலைவோடு ஒன்றே முக்கால் அங்குலம் சேர்த்துக் கணக்கிடப்படுவது. உலக வில்வித்தை விதிகள் காம்பவுண்ட் வில்லுக்கு 60 பவுண்டுக்கு மேல் அனுமதிப்பதே இல்லை என்பதாலும், நம் ஊரின் சராசரி உயரமுள்ளவரின் இழுநீளம் 26, 27 அங்குலத்தைச் சுற்றியே அமைவதாலும், அந்த எண் இங்குள்ள எவர் கையிலும் மெய்யாகப் போவதில்லை. இழுநீளம் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 10 அடி வேகம் குறையும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. 50 பவுண்டில் 27 அங்குலம் இழுப்பவரின் அம்பு 300 அடியைக்கூட எட்டாது. எட்டாததால் இழப்பு ஏதும் இல்லை. வேட்டைக்காரர் மானின் தொலைவை மதிப்பிடுவதில் ஐந்து மீட்டர் தவறினாலும் வேகமான அம்பு அதிகம் தாழாமல் போய்ச் சேரும். திடலில் தொலைவு 50 மீட்டர் என்று அளந்து கோடிட்டிருக்கையில் குறிவில்லையை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் மெதுவான அம்பும் அதே இடத்தில்தான் விழும். ஒரே எய்தலில் யானை முதல் உடும்பு வரை ஐந்து விலங்குகளை ஊடுருவியதாகப் புறநானூறு சொல்லும் வல்வில் ஓரியின் அம்புக்கு வன்மை தேவைப்பட்டிருக்கலாம். 50 மீட்டரில் நிற்கும் காகிதத்துக்கு அது தேவையில்லை.

வேகத்துக்கு அடுத்தபடி எல்லோரும் சொல்வது பிரேஸ் ஹைட். இழுக்காத நிலையில் பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள இடைவெளிக்கு அப்பெயர். வேக வில்களில் இது 6 அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. 7 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை பிழை பொறுப்பவை என்று கடைக்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். இடைவெளி குறைந்தால் நாண் அம்பைக் கூடுதல் தூரம் தள்ளிச் செல்கிறது, அந்த நேரம் முழுவதும் கையின் திருகல் அம்போடு சேர்கிறது என்பது அவர்களின் விளக்கம். விளக்கம் தவறில்லை, ஆனால் அதற்குத் தரப்படும் பங்கு மிகை. அம்பு நாணோடு இருக்கும் நேரம் மொத்தமே ஒரு நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இடைவெளியில் ஓர் அங்குலம் குறையும்போது தூரம் கூடுகிறது, அதோடு வேகமும் கூடுவதால் நேரத்தில் சேர்வது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே இருக்கும். குறைந்த இடைவெளியுள்ள வில்கள் உண்மையிலேயே கடினமாக நடந்துகொள்வதற்கு வேறு காரணங்களும் கூடவே வருகின்றன: அவற்றின் ரைசர், அதாவது பிடி அமைந்துள்ள நடுச்சட்டம், முனைகளில் முன்னோக்கி வளைந்து கையை நாணின் பக்கம் கொண்டுவருவதால் பிடியின் சிறு திருகலுக்கும் வில் எளிதில் இணங்கிவிடுகிறது, சக்கரங்களும் விசையைத் திடீரென ஏற்றி இறக்கும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே ஆறரை அங்குலமா ஏழு அங்குலமா என்று கடையில் வாதிடுவதைவிட, ரைசரின் வளைவையும் இழுக்கும்போது விசை ஏறும் விதத்தையும் பார்ப்பது பயன் தரும்.

வில்லின் நீளத்துக்கு இவ்வளவு வாதம் தேவையில்லை. மேல் சக்கரத்தின் அச்சிலிருந்து கீழ்ச் சக்கரத்தின் அச்சு வரை அளக்கப்படும் நீளம், மரக்கிளைகளுக்கு நடுவே தூக்கித் திரிய வேண்டிய வேட்டை வில்களில் 28 முதல் 33 அங்குலமாகவும், இலக்கு வில்களில் 36 முதல் 40 அங்குலமாகவும் இருக்கும். நீண்ட வில்லைத் திருப்பக் கூடுதல் விசை வேண்டும். அதோடு முழுதும் இழுத்த நிலையில் நாண் மடியும் கோணம் விரிவாக இருப்பதால், நாண் மூக்கு நுனியைத் தொட்டு ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தில் அமர்கிறது. குட்டையான இழுநீளம் உள்ளவர்களுக்கு 36 அங்குலமே போதும்.

காம்பவுண்ட் வில்லின் தனித்தன்மை லெட் ஆஃப் என்னும் விசைக்குறைவில் இருக்கிறது. திருவொற்றியூரில் 1950களின் நடுவில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த பட்டறைக்காரர்களுக்குக் கேம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எஞ்சினின் வால்வைத் தூக்கி இறக்கும் அந்த நடுவிலகிய உருளையின் வேலையைத்தான் வில்முனைச் சக்கரமும் செய்கிறது. இழுவையின் நடுவில் உச்ச விசையைக் கேட்டு, சக்கரம் சுழன்று முடியும் இடத்தில் பாரத்தின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. 50 பவுண்டு வில்லில் விசைக்குறைவு 80 விழுக்காடு என்றால் குறிபார்க்கும் நேரத்தில் விரல் தாங்குவது 10 பவுண்டு மட்டுமே; 65 விழுக்காடு என்றால் பதினேழரை. குறைவாகத் தாங்குவதே எளிது என்று புதியவர் நினைப்பது இயல்பு. ஆனால் மிக இலேசான பிடியில் வில் அலைபாயும், விரல் சற்று அழுத்தியதும் வேறு திசைக்குப் போகும். முதுகுத்தசை பிடித்து இழுக்க ஏதேனும் பாரம் இருந்தால்தான் வில் அமைதியாக நிற்கும் என்பதால் இலக்கு வில்லாளர் பலர் 65 முதல் 75 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று, விசை குறைந்த அந்தப் பள்ளம் எவ்வளவு அகலமானது என்பது. பள்ளம் குறுகலாக இருந்தால், குறிபார்த்துக்கொண்டிருக்கையில் தோள் ஒரு நூலளவு முன்னே தளர்ந்தாலும் நாண் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். அகலமான பள்ளம் அந்தத் தளர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பட்டியலில் இதற்கு எண் எதுவும் கிடையாது. இழுத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

இரண்டு கேம்கள் உள்ள வில்லில் இரண்டும் ஒரே நேரத்தில் தம் முடிவிடத்தை அடைய வேண்டும். நாணோ கேம்களோடு இணைந்த கேபிளோ இழுபட்டு ஒன்று முந்திக்கொண்டால் அம்பின் பின்முனை நேராகச் செல்லாமல் மேலும் கீழும் ஆடி, அம்புகள் இலக்கில் செங்குத்தாகச் சிதறும். வில்லாளர் தம் கையையே குறை சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் பயிற்சி செய்வார். இரண்டு கேம்களையும் ஒன்றோடொன்று கட்டிப்போடும் பைனரி வகையில் இந்தத் தொல்லை குறைவு.

இவை எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்த பின்னும் இழுநீளம் பொருந்தாவிட்டால் வில் எந்தப் பிழையையும் பொறுக்காது. பட்டியலின் எண்களைவிட இதற்கே முதலிடம் தர வேண்டும். கைகளை இருபுறமும் விரித்து விரல் நுனி முதல் விரல் நுனி வரை அளந்து இரண்டரையால் வகுத்தால் தோராயமான இழுநீளம் கிடைக்கும். 65 அங்குலம் விரிப்பவருக்கு 26. நாண் பற்றும் கருவி, கழுத்தின் நீளம், தோளின் அமைப்பு ஆகியவற்றுக்கேற்ப அதைக் கால் அங்குலம், அரை அங்குலம் என்று பின்னர் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் கடையில் இருக்கும் வில் 28 அங்குலத்துக்கு அமைந்தது, வேகமும் கூடக் கிடைக்கிறது, பிள்ளை வளர்ந்தால் பொருந்தும் என்றெல்லாம் சொல்லி நீளமான வில்லைக் கொடுத்துவிடுவதும், பெற்றோர் அதற்கு ஒப்புக்கொள்வதும் நடக்கின்றன. அளவு மீறிய வில்லை இழுப்பவர் தலையைப் பின்னே சாய்த்து, முன்தோளை உயர்த்தி, முழங்கையைப் பூட்டி நிற்பார். எலும்பின் மேல் தங்க வேண்டிய பாரம் தசையின் மேல் தங்கி, பத்தாவது அம்பிலேயே நடுக்கம் தொடங்கும். இழுவிசையிலும் இதே நிலைதான். நாற்காலியில் அமர்ந்து, வில்லை மேலே தூக்கிக் கொள்ளாமல், இலக்கை நோக்கிய நேர்க்கோட்டில் வைத்தபடியே இழுக்க முடிந்தால் அந்த விசை அவருக்கு உரியது; முடியாவிட்டால் ஐந்து பவுண்டு குறைக்க வேண்டும். 72 அம்புகள் எய்ய வேண்டிய தகுதிச் சுற்றின் கடைசி ஆறு அம்புகளில்தான் கூடுதல் பவுண்டின் விலை தெரியவரும்.

உடலுக்கேற்ப வில்லை அமைப்பது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவியைவிடச் சிறந்த சான்று இல்லை. கைகளின்றிப் பிறந்த அவர் வலக் காலால் வில்லைத் தாங்கி, தோளோடு இணைத்த கருவியால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அம்பை விடுகிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு இணைந்து இத்தாலியை 156க்கு 155 என்று வென்று வெண்கலம் பெற்றார். இழுத்துப் பிடித்த நிலையில் பாரத்தைக் குறைத்துத் தரும் காம்பவுண்ட் வில் இல்லாமல் அந்த முறை மிகக் கடினமாகியிருக்கும்.

வில் பொறுக்கும் பிழை எய்பவரின் பிழை மட்டுமே. காற்றின் பிழையை அது பொறுக்காது. வடசென்னைக் கடலோரத்தில் இதைக் கணக்கில் கொள்ளாமல் முடியாது. கண்ணில் வெயில் படாதிருக்க வில்வித்தைத் திடல்களை வடக்கு நோக்கி அமைப்பது வழக்கம். கோடையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருவதால், எண்ணூர் முதல் ராயபுரம் வரை எங்கே திடல் அமைந்தாலும் காற்று எய்பவரின் வலப்புறப் பின்பக்கத்திலிருந்து வீசி அம்பை இடப்பக்கம் தள்ளும். இதற்கு விடை மெல்லிய, சற்றே கனமான அம்பில் இருக்கிறது. விதிகள் 9.3 மில்லிமீட்டர் வரை தடிமனை அனுமதித்தாலும், கோட்டைத் தொட்டாலே புள்ளி கிடைக்கும் என்பதால் தடித்த அம்பு தரும் இலாபம் காற்றில்லாத உள்ளரங்கில்தான். திறந்த வெளியில் அதன் பக்கவாட்டுப் பரப்பு காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். மணற்பரப்பு காலியாகத்தானே கிடக்கிறது என்று கடற்கரையிலோ, அடுக்குமாடியின் மொட்டைமாடியிலோ இலக்கு வைக்கும் எண்ணத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். தவறிய அம்பு சில நூறு மீட்டர் பறக்கும்.

அந்தக் காற்றிலுள்ள உப்பு கேமின் எஃகு அச்சையும் திருகுகளையும் அரிக்கும் என்பதைக் காசிமேட்டு விசைப்படகுகளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது, நாணுக்கு மெழுகிடுவது, வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுவைக்காமலிருப்பது ஆகியவை அந்த ஊரில் வில்லை வைத்திருப்பவருக்கு வழக்கமான வேலைகளாகும். நாண் செயற்கை இழைகளால் முறுக்கப்பட்டது. தொடர்ந்த பாரத்திலும் வெப்பத்திலும் மெல்ல நீளும். நீண்டால் நாணில் உள்ள குறித்துளை திரும்பிக்கொள்ளும், கேம்களின் ஒத்திசைவும் கலையும்.

நாணை மாற்றுவது வீட்டில் செய்யும் வேலையன்று. லிம்ப் எனப்படும் வில்தகடுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி அதற்கு வேண்டும். ஆகவே வாங்கும் முன் விசாரிக்க வேண்டியவற்றுள், எந்தப் பயிற்றுநரிடம் அல்லது கடையில் பிரஸ் இருக்கிறது, அந்த நிறுவனத்தின் இழுநீளம் மாற்றும் துண்டுகள் இந்தியாவில் கிடைக்குமா என்பவை விலைக்குச் சமமான இடம் பெற வேண்டும். பழைய வில்லை வாங்குவோர் பஞ்சை வில்தகடுகளின் மேல் வருடிப் பார்ப்பது நல்லது. நூலிழை எங்கேனும் சிக்கினால் அங்கே கீறலோ பிளவோ இருக்கும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்ட வில்லாகவும் அது இருக்கலாம். அப்படி ஒருமுறை விட்டாலே நாணின் விசை முழுதும் தகடுகளில் பாய்ந்து அவற்றை உடைக்கக்கூடும் என்பதால், வில்லைப் பார்க்க வரும் உறவினர் கையில் அதைக் கொடுக்காதிருப்பது விருந்தோம்பலுக்குக் குறைவாகாது.

இரண்டு வில்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், புத்துணர்ச்சியோடு எய்த முதல் சுற்றைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. இரண்டையும் ஒரே இழுநீளத்திலும் இழுவிசையிலும் அமைத்து, களைத்த பின் ஆறு ஆறு அம்புகளாக எய்து, வேண்டுமென்றே பிடியைச் சற்றுத் திருகியும் சில அம்புகள் விட்டுப் பார்த்தால், எந்த வில்லின் அம்புக்கூட்டம் குறைவாக விரிகிறது என்பது இலக்குத் தாளிலேயே தெரியும். சென்டிமீட்டர் அளவுகோலால் அந்தக் கூட்டத்தின் அகலத்தை அளந்து, அதே தாளில் தேதியோடு எழுதி வைக்கும் வழக்கத்தை வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடலாம். நாண் நீண்டு கேம் விலகும்போது முதலில் மாறுவதும் அந்த எண்தான்.